ஜப்பானில் மாஜாங் 'புரோ' என்பவர் யார், அவருக்குப் பணம் தருவது யார்?

பின்னால் படிக்க வருபவர்களுக்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து காய்களைச் சேர்த்து ஆடுவது மாஜாங். அதன் ஜப்பானியத் தொழில்முறை அணிப் போட்டியான எம்.லீக்கின் ஆட்டம் ஒன்றை யூடியூபில் பார்த்திருக்கிறீர்கள். அணிச் சீருடை போட்ட நாலு பேர், வர்ணனையாளர்கள், ஸ்பான்சர் பெயர்கள் என்று கிரிக்கெட் ஒளிபரப்பு மாதிரியே இருந்திருக்கிறது. சூதாட்டத்துக்குத் தடை இருக்கும் நாட்டில் இது எப்படி நடக்கிறது, இவர்களை 'புரோ', அதாவது தொழில்முறை ஆட்டக்காரர், என்று முடிவு செய்வது அரசா சங்கமா, எல்லாருக்கும் சம்பளம் உண்டா, வெளிநாட்டுக்காரர் சேர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நாலாக இருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இந்த உலகத்தில் யார் யாருக்குப் பணம் தருகிறார்கள் என்பதைத்தான் என்று நினைக்கிறேன். அது பிடிபட்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கிவிடும். நான் புரோ இல்லை. வேலைக்காக டோக்கியோ வந்த நாளிலிருந்து பந்தயம் இல்லாத கூடங்களில் ஆடிக்கொண்டும், லீக்குகளை விடாமல் பார்த்துக்கொண்டும் இருப்பவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஜப்பானில் மாஜாங் புரோ என்பதற்கு அரசு உரிமம் எதுவும் கிடையாது. தனியார் சங்கம் ஒன்றில் தேர்வெழுதி உறுப்பினரானவர் புரோ, அவ்வளவுதான். ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியை மனதில் வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் வரும். ஷோகிக்கு ஒரே சங்கம். பயிற்சிப் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் போராடி, வழக்கமாக ஆண்டுக்கு நாலு பேர்தான் புரோ ஆகிறார்கள். ஆனவர்களுக்கு நாளிதழ்களும் நிறுவனங்களும் தரும் ஸ்பான்சர் பணத்திலிருந்து வருமானம் வருகிறது. மாஜாங்கில் சங்கங்கள் பல, கதவும் அகலம். உள்ளே போனவர் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார், சங்கம் அவருக்குச் சம்பளம் தருவதில்லை. பெரும்பாலான புரோக்களுக்கு இன்றும் இதுதான் நிலை.

பெரிய சங்கங்கள் ஐந்து. 1976இல் தகேஷோபோ பதிப்பகத்தின் மாஜாங் பத்திரிகை 'சைகோஇசென்' என்ற போட்டியைத் தொடங்கியது. போட்டியாகப் பிறந்தது பிறகு அதே பெயரில் சங்கமாக வளர்ந்தது. 1981இல் ஜப்பான் புரோ மாஜாங் கூட்டமைப்பு உருவானது. ஆட்டக்காரர்கள் இதை 'ரென்மெய்' என்பார்கள், ஐந்திலும் பெரியது இதுதான். அதன் முதல் தலைவர் கொஜிமா தகேஓ, தொலைக்காட்சி வழியே மாஜாங்கை வீடு வீடாகக் கொண்டுபோனவர். 1997இல் இடே யோசுகே என்ற ஆட்டக்காரர் 'மியூ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் சங்கத்தைத் தொடங்கினார். 2001இல் சைகோஇசெனிலிருந்து பிரிந்த ஒரு குழு ஜப்பான் புரோ மாஜாங் கழகத்தை, அதாவது 'கியோகாய்' என்பதை அமைத்தது. 2007இல் ரென்மெய்யை விட்டு வந்த ஓஇ தகஹரு ஆர்.எம்.யு. என்ற சங்கத்தைத் தொடங்கினார். ஐந்தில் சில பிரிவினையில் பிறந்தவை என்பதைப் பார்த்து, இவர்களுக்குள் சண்டை போல என்று நினைக்க வேண்டாம். எந்த விதியில் ஆடுவது, புரோ ஆட்டம் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதில் ஆளாளுக்கு உறுதியான கொள்கை இருந்தது. பொதுவான தலைமை இல்லாததால், ஒத்துவராதவர்கள் தனியே போய்த் தங்கள் வழியை அமைத்துக்கொண்டார்கள்.

உள்ளே நுழைய எழுத்துத் தேர்வு, ஆட்டத் தேர்வு, நேர்காணல் என்று வைக்கிறார்கள். புள்ளிக் கணக்கை மனதிலேயே உடனடியாகப் போடத் தெரிய வேண்டும், அதில் தடுமாறினால் மற்றது எதுவும் உதவாது. தேறியவர் லீக்கின் அடித்தட்டில் தொடங்குவார். ரென்மெய்யை எடுத்துக்கொண்டால் உச்சியில் ஏ1, அதன் கீழே ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக இறங்கும். ஏறக்குறைய மாதம் ஒரு நாள் கூடி நாலு ஆட்டம் ஆடுவார்கள். கீழ்த்தட்டுகளில் அரை ஆண்டுக்கு ஒருமுறையும் மேல்தட்டில் ஆண்டுக்கு ஒருமுறையும் மொத்தப் புள்ளியைக் கூட்டி, மேலே இருக்கும் சிலரை ஏற்றிக் கீழே இருக்கும் சிலரை இறக்குவார்கள். ஏ1இல் முதல் மூன்று இடம் பிடித்தவர்கள், நடப்புப் பட்டக்காரரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து நாள்கணக்கில் ஆடி 'ஹோவோ' பட்டத்துக்கு மோதுவார்கள். சைகோஇசெனுக்கு 'சைகோஇ', கியோகாய்க்கு 'ஜான்ஓ' என்று ஒவ்வொரு சங்கத்துக்கும் தலைப் பட்டம் ஒன்று இருக்கிறது. பெண்களுக்கென்று தனிப் பட்டங்களும் உண்டு, பொது லீக்கிலும் அவர்கள் ஆண்களோடு சேர்ந்தே ஆடலாம். புதிதாகத் தேறியவர் ஆண்டுக்கு ஒரு படி ஏறினால்கூட உச்சத்தைத் தொடப் பத்தாண்டு ஆகிவிடும் என்பதால், ஏ1 பட்டியலில் இருக்கும் ஒரு பெயருக்கு அத்தனை மதிப்பு.

கீழ்த்தட்டு லீக் நாளில் நீங்கள் ஒளிபரப்பில் பார்த்த விளக்கு வெளிச்சம் எதுவும் இருக்காது. ஏதாவது மாஜாங் கூடத்தில் வரிசையாகத் தானியங்கி மேசைகள், உடுப்பு விதிப்படி வந்த ஆட்டக்காரர்கள். மேசைக்கொரு நடுவர் கிடையாது. ஏதாவது சிக்கல் வந்தால் கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும், நடுவர் வந்து தீர்ப்பு சொல்லும்வரை யாரும் காயைத் தொடக் கூடாது. இன்னும் ஒரே காய் வந்தால் முடித்துவிடலாம் என்ற நிலையில் 'ரீச்சி' என்று தெளிவாகச் சொல்லி, காயைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, ஆயிரம் புள்ளிக் குச்சியை முன்னால் வைக்கும் அந்த மூன்று செயலும் எல்லாருக்கும் ஒரே வரிசையில்தான் வரும். ஆட்டம் முடிந்ததும் நால்வரும் மொத்தத்தைச் சரிபார்த்துத் தாளில் எழுதுவார்கள். பார்வையாளர் கிடையாது, பரிசுத்தொகை என்று சொல்லும்படியாகவும் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து மாலைவரை நிமிர்ந்து உட்கார்ந்து ஆடிவிட்டு, பங்கேற்புக் கட்டணத்தையும் தாங்களே கட்டிவிட்டுப் போகிறார்கள். இந்த ஆட்டத்தின் மீது எனக்கிருக்கும் மரியாதையில் பெரும்பகுதி இவர்களால் வந்ததுதான்.

அப்படியென்றால் பிழைப்புக்கு என்ன செய்கிறார்கள்? பலருக்கு வேறு வேலை இருக்கிறது. மாஜாங் கூடங்களிலேயே வேலை பார்ப்பவர்களும் நிறைய. பெயர் கொஞ்சம் தெரிந்தவர்களை ஏதாவது ஒரு கூடம் சிறப்பு விருந்தினராக அழைக்கும், வாடிக்கையாளர்கள் அவரோடு ஒரே மேசையில் ஆடலாம், அதற்கு அவருக்கு ஒரு தொகை கிடைக்கும். முதியோருக்கான வகுப்புகள், உத்தி நூல்கள், வர்ணனை, யூடியூப் எல்லாம் சேர்ந்தால்தான் முழுநேரமாக இதை வைத்து வாழ முடியும். ஐந்து சங்கத்துக்கும் பொதுவான பதிவேடு கிடையாது, அதனால் மொத்தம் எத்தனை புரோக்கள் என்பதற்குத் துல்லியமான எண் சொல்ல முடியாது. இரண்டாயிரத்துக்கு மேல் என்று பொதுவாகச் சொல்வார்கள், அதைக் குத்துமதிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்த எம்.லீக் இந்தக் கட்டடத்தின் மேல் 2018இல் கட்டப்பட்ட இன்னொரு மாடி. தொடங்கியவர் சைபர்ஏஜென்ட் என்ற இணைய நிறுவனத்தின் நிறுவனர் ஃபுஜிதா சுசுமு. நன்றாக ஆடக்கூடியவர், 2014இல் 'சைகியோசென்' போட்டியில் புரோக்களையும் தாண்டிப் பட்டம் வென்றவர். ஜே.லீக் கால்பந்தின் முதல் தலைவரான கவபுச்சி சபுரோவை உயர் ஆலோசகராகக் கொண்டுவந்தார். கால்பந்தில் நடந்ததை மாஜாங்கில் நடத்திக்காட்டுவதுதான் நோக்கம் என்பது அந்த நியமனத்திலேயே தெரிந்துவிடும். அணிகளை நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அகாசகா டிரைவன்ஸ் ஹகுஹோதோ குழுமத்தின் அணி, டீம் ரைடன் தென்சுவினுடையது, ஈஎக்ஸ் ஃபுரின்கசான் டிவி அசாஹியினுடையது. கொனாமி, செகா சாமி, யு-நெக்ஸ்ட், ஷிபுயா அபெமாஸ் அணியை வைத்திருக்கும் சைபர்ஏஜென்ட் என்று முதல் சீசனில் ஏழு அணிகள். அடுத்த ஆண்டு கடோகாவா சேர்ந்தது, 2025-26 சீசனில் பத்து அணிகள் ஆகின. முதல் கோப்பையை வென்றது அகாசகா டிரைவன்ஸ்.

இங்கே பணம் போகும் திசை மாறிவிடுகிறது. ஆட்டக்காரர் சந்தா கட்டும் உலகத்திலிருந்து, நிறுவனம் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கும் உலகத்துக்கு வந்துவிடுகிறோம். லீக் தொடங்கியபோது ஆண்டுக்குக் குறைந்தது 40 லட்சம் யென் என்று உத்தரவாதம் அறிவித்தார்கள். வெல்லும் அணிக்கு 5 கோடி யென், இரண்டாம் இடத்துக்கு 2 கோடி, மூன்றாம் இடத்துக்கு 1 கோடி. முன்னணி ஆட்டக்காரர்களின் ஒப்பந்தத் தொகைகள் வெளியாவதில்லை. இணையத்தில் சுற்றும் எண்கள் ஊகம்தான், அவற்றை நம்ப வேண்டாம். ஆட்டக்காரர்களை டிராஃப்ட் மூலம், அதாவது அணிகள் முறைவைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுக்கிறார்கள். அணிக்கு நாலு பேர், ஆணும் பெண்ணும் கலந்திருக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு சீசன் இறுதிச் சுற்றை எட்டாத அணி ஆட்டக்காரரை மாற்றியாக வேண்டும் என்ற விதியும் பிறகு வந்தது. பத்து அணிக்கு நாலு பேர் என்றால் மொத்தம் நாற்பது இடம்தான். அந்த நாற்பது இடத்துக்குத் தகுதி பெறவே ஐந்து சங்கங்களில் ஒன்றில் புரோவாக இருக்க வேண்டும். நடிகர் ஹகிவாரா மசாதோ 2018இல் ரென்மெய்யில் சேர்ந்துதான் டிராஃப்டுக்கு வந்தார். ஷோகியில் 'ஒன்பதாம் டான்' என்ற தரத்தில் இருக்கும் சுசுகி தைசுகே, குரல் நடிகை தாதே அரிசா, இணைய ஆட்டத்தில் பேர் வாங்கிவிட்டு வந்த அசகுரா கோஷின் எல்லாரும் இதே வாசல் வழியாக வந்தவர்கள்தான். ஆக எம்.லீக் சங்கங்களுக்குப் போட்டியாக வந்ததல்ல, அது சங்கங்களின் தோளில்தான் நிற்கிறது.

ஆட்டங்கள் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி மாலை ஏழு மணிக்கு அபெமா என்ற இணைய ஒளிபரப்பில் நேரலையாக வரும். மேசையில் உட்காரும் நால்வரும் வெவ்வேறு அணிக்காரர்கள், அதனால் ஒரே அணிக்காரர்கள் உள்ளுக்குள் கைகொடுத்துக்கொள்ள வழியில்லை. வழக்கமான சுற்று முடிந்ததும் முதல் ஆறு அணிகள் அரையிறுதிக்குப் போகும், எடுத்த புள்ளியில் பாதியைத்தான் கூடக் கொண்டுபோக முடியும். அதிலிருந்து நாலு அணிகள் இறுதிக்குப் போகும், மறுபடி பாதி. மாதக்கணக்கில் சேர்த்த முன்னிலை இப்படி இரண்டு முறை பாதியாவது நியாயமா என்று ரசிகர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். முன்னணி அணிக்கு வலிக்கும்தான், ஆனால் அப்படிச் செய்யாவிட்டால் கடைசி வாரங்களில் பார்க்க ஒன்றுமே மிஞ்சாது என்பது என் கருத்து.

விதி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரைச் சிறந்தவர் என்று சொல்கிறோம் என்பதே விதியைப் பொறுத்து மாறுகிறது. எம்.லீக்கில் ஆளுக்கு 25,000 புள்ளியோடு தொடங்கி, கடைசியில் 30,000ஐக் கழித்து, ஆயிரத்தை ஒன்றாகக் கணக்கிட்டு, இடத்துக்கேற்ப கூட்டல் 50, கூட்டல் 10, கழித்தல் 10, கழித்தல் 30 சேர்ப்பார்கள். 33,000, 26,000, 24,500, 16,500 என்று ஓர் ஆட்டம் முடிந்தால் அவர்கள் கணக்கில் ஏறுவது 53, 6, மைனஸ் 15.5, மைனஸ் 43.5. இதே ஆட்டத்தை ரென்மெய்யின் ஹோவோ லீக்கில் வைத்துப் பாருங்கள். அங்கே தொடக்கமே 30,000. ஆளுக்கு ஐயாயிரம் கூட்டினால் 38,000, 31,000, 29,500, 21,500. முதல் இருவர் 30,000க்கு மேல் நிற்பதால் கூட்டல் 8, கூட்டல் 4, கழித்தல் 4, கழித்தல் 8 வரும். முடிவு 16, 5, மைனஸ் 4.5, மைனஸ் 16.5. எம்.லீக்கில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடைவெளி 47, இங்கே வெறும் 11. அதனால் எம்.லீக்கில் கடைசிக் கையில், அதாவது கடைசியாகக் காய் பிரித்து ஆடும்போது, இரண்டாம் இடத்தில் இருப்பவர் முதலிடத்துக்காக எந்த ஆபத்தையும் எடுக்கலாம், ஹோவோவில் அதே ஆள் தன்னிடம் இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு ஒதுங்குவதே புத்திசாலித்தனம். போதாக்குறைக்கு ஹோவோவில் இப்பாட்சு, உரா டோரா போன்ற அதிர்ஷ்டக் கூட்டல்களே கிடையாது. எம்.லீக்கில் அவையும் உண்டு, கூடுதல் மதிப்பு தரும் சிவப்பு நிற ஐந்தாம் எண் காய்களும் உண்டு. இரண்டையும் மாறிமாறிப் பாருங்கள், ஒரே ஆட்டக்காரர் இரண்டு வேறு மனிதர்களைப் போல ஆடுவது தெரியும்.

சரி, அப்புறம் சூதாட்ட விஷயம். ஜப்பானியக் குற்றவியல் சட்டத்தின் 185ஆம் பிரிவு சூதாட்டத்தைத் தடை செய்கிறது. ஆனாலும் நகரத்து மாஜாங் கூடங்களில் ஆயிரம் புள்ளிக்கு இத்தனை யென் என்று சிறு தொகை வைத்து ஆடுவது நீண்டகால வழக்கம், பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. அது சட்டம் அனுமதித்தது ஆகிவிடாது. 2020 மே மாதத்தில் டோக்கியோ உயர் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் தலைவரே பத்திரிகையாளர்களோடு பணம் வைத்து ஆடியது வெளியாகிப் பதவி விலகினார், மறு ஆண்டு அவருக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. லீக் ஆட்டங்கள் இந்தச் சிக்கலுக்குள் வருவதில்லை. தோற்றவரின் காசு வென்றவருக்குப் போவதில்லை, பரிசை ஸ்பான்சர் தருகிறார். எம்.லீக் இன்னும் ஒரு படி மேலே போய், தன் ஆட்டக்காரர்கள் வெளியிலும் பணம் வைத்து ஆடக் கூடாது என்று அறிவித்தது. மீறினால் லீக்கில் இடம் போய்விடும். பெரிய நிறுவனங்கள் தங்கள் பெயரைச் சீருடையில் போட ஒத்துக்கொண்டதற்கு இந்த உறுதிமொழிதான் அடித்தளம். அதற்கு முன்பே 1980களின் இறுதியில் தொடங்கிய ஆரோக்கிய மாஜாங் இயக்கம் பந்தயம், மது, புகை மூன்றும் கூடாது என்று முதியவர்கள் நடுவே பிரசாரம் செய்துவந்தது. நான் ஆடும் கூடமும் அந்த வழியில் வந்ததுதான்.

இதெல்லாம் வெறும் அதிர்ஷ்டம்தானே என்றும் சிலர் கேட்பார்கள். ஒரே ஆட்டத்தில் பெரும்பாலும் ஆமாம். நாலு இடங்களும் சம வாய்ப்பு என்றால் சராசரி இடம் 2.5, ஓர் ஆட்டத்தின் சிதறல் (திட்ட விலக்கம்) ஏறக்குறைய 1.12. எம்.லீக் சீசனில் ஒருவர் 25 ஆட்டம் ஆடுகிறார் என்றால் அவருடைய சராசரி இடம் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே 0.22 அளவுக்கு மேலும் கீழும் ஆடும். உயர்ந்த ஆட்டக்காரர்கள் நடுவே திறமை வித்தியாசம் 0.1 என்று வைத்துக்கொள்வோம். அது அதிர்ஷ்டத்தால் வந்ததல்ல என்று ஓரளவு உறுதியாகச் சொல்லவே 500 ஆட்டம் பக்கம் வேண்டும். ஒரு சீசன் புள்ளியைக் காட்டி இவர்தான் ஜப்பானின் முதல் ஆள் என்று யாராவது சொன்னால் கணக்குப்படி அது நிற்காது. பத்தாண்டு, இருபதாண்டு ஏ1இல் தாக்குப்பிடித்தவரைப் பற்றி அப்படிப் பேசினால் அதில் பொருள் இருக்கிறது. சங்கங்களின் மெதுவான ஏணி வெளியே இருப்பவர்களுக்குப் பழமையாகத் தெரியலாம், ஆனால் திறமையை அளக்க இருக்கும் உருப்படியான கருவி அதுதான்.

முடிவாகாத ஒரு விவாதமும் இருக்கிறது. பட்டத்துக்கான கடைசி ஆட்டத்தில், இனி வெல்ல வாய்ப்பே இல்லாத நாலாவது ஆள் என்ன செய்ய வேண்டும்? அவர் குறைந்த புள்ளி தரும் கை ஒன்றில் முடித்தாலே பட்டம் யாருக்கு என்பது மாறிவிடலாம். தலையிடாமல் ஒதுங்கி ஆடுவதே கண்ணியம் என்பது பழைய ஆட்டக்காரர்களின் வழி. வேண்டுமென்றே முடிக்காமல் இருப்பதும் ஒருவகைத் தலையீடுதானே என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு முதல் கட்சிதான் சரியாகப் படுகிறது, ஆனால் நான் மதிக்கும் புரோக்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

கடைசிக் கேள்வி, வெளிநாட்டுக்காரர் சேர முடியுமா என்பது. முடியும், சேர்ந்தும் இருக்கிறார்கள். தேர்வும் நேர்காணலும் ஜப்பானிய மொழியில் நடக்கும், லீக் நாள்களுக்கு நேரில் வர வேண்டும், அதனால் ஜப்பானில் வசிக்காமல் நடைமுறையில் சாத்தியமில்லை. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ தொடங்குவதாக இருந்தால் மாஜாங் சோல் செயலியில் 'ரீச்சி' எனப்படும் ஜப்பானிய விதியில் ஆடப் பழகுங்கள். ஒரு கையின் புள்ளியைச் செயலி காட்டும் முன்பே நீங்களாகச் சொல்ல முயலுங்கள். அது சரளமாக வந்த பிறகு ஹோவோ லீக்கின் ஓர் ஆட்டத்தை முழுசாக உட்கார்ந்து பாருங்கள். எங்கே புரியாமல் நிற்கிறீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள், தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.